எங்கட வாழைப்பழத் தோல் எங்கே போனது?

தெமட்டகொடையிலிருந்து கொலன்னாவைப் பக்கம் நடந்தே போனால் மீதொட்டமுல்ல வரும். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புதுவருடத்தன்று பின்னேரம், அங்கே குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியது. 32 பேர் இறந்தார்கள். அந்த மலை பெரும்பாலும் பிளாஸ்டிக் எண்டுதான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் கொழும்பின் குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியது. மரக்கறித் தோல், மிஞ்சின சோறு, மீன் செதில், தேயிலைச் சக்கை. சரியாகச் சொன்னால் அது எங்கட குசினிகளின் மலை.

வீட்டுக் கழிவைச் சாடிச் செடிக்குப் போடுவதைப் பற்றி இப்போது நிறைய வீடியோக்கள் வருகின்றன, ஏதோ புதுக் கண்டுபிடிப்பு மாதிரி. அரிசி கழுவின தண்ணியைக் கறிவேப்பிலைக்கும், மீன் கழுவின தண்ணியை முருங்கைக்கும் ஊற்றுவது எங்கட அம்மம்மாமாருக்குப் பழக்கம். அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. அதற்குப் பெயர் வைத்து, அடுக்கு முறையாக எழுதிப் புத்தகமாக்கியது ஆல்பேர்ட் ஹவார்ட், 1931இல், மத்திய இந்தியாவின் இந்தூரில் செய்த ஆய்வுகளுக்குப் பிறகு. அவரும் விவசாயிகளிடமிருந்து கற்றவர்தான்.

பிறகு ஏன் அந்தத் தண்ணியும் தோலும் லொறியில் ஏறின? செடி நிற்க இடமில்லாமல் போனதுதான் முக்கிய காரணம் எண்டு நினைக்கிறேன். எங்கட பக்கத்தையே பாருங்கள். பலகை வீட்டுக்குப் பின்னால் ஒரு வாழையாவது நின்றது. 2001இல் சஹஸ்புர வந்தது. 14 மாடி, 671 வீடுகள். அதற்குப் பிறகு இன்னும் உயரமான தொடர்மாடிகள். மேலே போன குடும்பத்துக்குக் கூரையும் தண்ணிக் குழாயும் கிடைத்தது, அது சின்ன விஷயமில்லை. மண் மட்டும் கீழேயே நின்றுவிட்டது.

குப்பையோ கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போனது. அதாவது எங்களுக்குத் தெரியாத இடத்துக்கு. அங்கே இருந்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. முதலில் கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில் புளூமெண்டால். அது நிறுத்தப்பட்டபோது, 2009இல், மீதொட்டமுல்லையில் 2 ஏக்கரில் கொட்ட அனுமதி வந்தது. அந்த 2 ஏக்கர் ஏறக்குறைய 20 ஏக்கராகியது. கீழே சதுப்பு நிலம், மேலே வருடக்கணக்கில் ஈரக் குப்பை. காற்றுப் படாமல் அமுங்கி உக்கினால் மீதேன் வாயு வரும், மழை இறங்கினால் பாரம் கூடும். ஊர்ச் சனம் வருடக்கணக்காக ஆர்ப்பாட்டம் செய்தார்கள். யாரும் கேட்கவில்லை.

2021 பெப்ரவரியில் கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து 10 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் நிலையம் திறந்தார்கள். ஈரமான சோறும் தோலும் எரிய எவ்வளவு கஷ்டப்படும் எண்டு விறகடுப்பு மூட்டினவர்களுக்குத் தெரியும். அதே வருடம் மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை. நாடு முழுக்கச் சேதனப் பசளை வேணும் எண்டார்கள். அது எங்கிருந்து வந்தது? சீனாவிலிருந்து, ஹிப்போ ஸ்பிரிட் என்ற கப்பலில்! மாதிரிகளில் தீங்கான பக்டீரியா இருக்கிறது எண்டு கப்பலை இறக்க விடவில்லை. பசளை வராமலே, 2022 ஜனவரியில், 67 இலட்சம் டொலர் கட்டினார்கள். டொலர் இல்லாமல் நாங்கள் காஸுக்கு வரிசையில் நின்ற வருடம் அது. கொழும்பின் குசினிக் கழிவு அந்த நாட்களிலும் லொறியில் போய்க்கொண்டுதான் இருந்தது.

அதே 2022 ஜூனில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு அறிவித்தார்கள், வீட்டுத்தோட்டம் செய்யட்டும் எண்டு. ஒன்பதாம் மாடியில் இருக்கிறவர் எங்கே கொத்துவது?

பல்கனியில் செய்யக்கூடியது ஒண்டு இருக்கு. அடியில் ஓட்டை போட்ட பழைய பெயின்ற் வாளி. ஒரு பிடி தோல் போட்டால் ரெண்டு பிடி தும்புத்தூளோ காய்ந்த இலையோ கிழித்த பேப்பரோ மேலே. கிழமைக்கு ஒருதரம் கிளறினால் காற்றுப் போகும், மணக்காது. ரெண்டு மூண்டு மாதத்தில் கறுப்பாக உதிரும், அப்போது சாடியில் கலக்கலாம். பச்சைத் தோலை நேரே செடியடியில் போட்டால் கொசுவான்தான் வரும். உப்புப் போட்ட கறியும் இறைச்சியும் வேண்டாம், எலிக்கு அழைப்பு. முட்டைக்கோதை நன்றாக இடித்துப் போடுங்கள், முழுசாகப் போட்டால் அடுத்த வருடமும் அப்படியே கிடக்கும்.

ஆனால் நாலு சாடியால் ஐந்து பேருடைய குசினிக் கழிவைத் தின்ன முடியாது. 2016 நவம்பரிலிருந்து குப்பையைப் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறார்கள், அது சரிதான். பிரித்ததை ஒவ்வொரு தொடர்மாடியின் அடியிலும் உக்க வைக்க ஒரு கொட்டிலும், அதைப் பார்க்கிறவருக்குச் சம்பளமும் கேட்கலாம். கழிவு சுமக்கத் தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்த ஆங்கிலேயர் காலம் தொடங்கி, இந்த நகரம் அந்த வேலைக்குக் கொடுத்தது மிகக் குறைந்த கூலியும் ஓரமான லயமும்தான். அந்தக் கொட்டிலுக்கு எவ்வளவு செலவாகும் எண்டு மாநகர சபையைக் கணக்குப் பார்க்கச் சொல்ல வேண்டும். கப்பலுக்குக் கட்டின 67 இலட்சம் டொலரையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு.