ஐரோப்பிய ஹேண்ட்பால் சாம்பியன்ஸ் லீக், 2015–16

போலந்தின் கீல்ட்ஸே அணி கோப்பை வென்ற பருவம் இது. போலந்து கிளப் ஒன்று இதை வென்றது முதன்முறை. 2016 மே 29, கொலோன் இறுதியாட்டத்தின் கடைசிக் கால்மணி நேரம் தொடங்கும் தறுவாயில் ஹங்கேரியின் வெஸ்ப்ரேம் 28–19 என முன்னிலையில் இருந்தது. அதன்பின் கீல்ட்ஸே 10 கோல் போட, வெஸ்ப்ரேமுக்குக் கிடைத்தது ஒன்றே. 29–29. கூடுதல் நேரமும் சமனாக, ஏழு மீட்டர் எறிதல்களில் 39–38 என முடிந்தது.

எறிதலில் தீர்ந்ததால் இதை அதிர்ஷ்டம் என்பார்கள். ஒன்பது கோல் பள்ளத்திலிருந்து எறிதல்வரை ஏறிவந்தது எந்த அதிர்ஷ்டம்? முந்தைய நாள் அரையிறுதியில் ஜெர்மனியின் கீல் அணியுடன் கூடுதல் நேரம் ஆடிய களைப்பு வெஸ்ப்ரேமுக்கு இருந்தது உண்மைதான். ஆனாலும் அதே அணிதான் முக்கால்மணி நேரம் ஆட்டத்தை ஆண்டது. களைப்பு மட்டுமே காரணமென்றால் கீல்ட்ஸேயின் அபாரமான எழுச்சியைக் குறைத்து மதிப்பிடுகிறோம்.