சிவந்துபோன பழைய படம்: எஞ்சினின் உண்மை நிறம் என்ன?

வீட்டு ஆல்பத்தில் இருக்கும் 1970களின் திருமணப் படங்களை எடுத்துப் பாருங்கள். பலவற்றில் எல்லார் முகமும் சிவந்திருக்கும். பச்சைச் சேலை பழுப்பாகத் தெரியும். பழைய இரயில் எஞ்சின்களின் வர்ணத்தை ஆராயும் ஆர்வலர்களையும் இதே சிக்கல்தான் ஏமாற்றுகிறது.

ஏன் நிறம் மாறுகிறது?

வண்ணப் படத்தில் மூன்று சாயங்கள் உண்டு: சயான் எனும் பச்சை கலந்த நீலம், மெஜந்தா எனும் ஊதா கலந்த சிவப்பு, மஞ்சள். மூன்றும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. அக்காலப் படங்கள் பலவற்றில், பெட்டிக்குள் இருட்டில் வைத்திருந்தாலும் சயான் முதலில் குறையும், படம் சிவந்துவிடும். கோடாக்குரோம் ஸ்லைடுகள் இருட்டில் நன்றாகத் தாங்கும். ஆனால், புரொஜெக்டரில் அடிக்கடி போட்டுக் காட்டினால் அவையும் மங்கிவிடும்.

பச்சையா, சிவப்பா?

அமெரிக்காவின் பென்சில்வேனியா இரயில்வேக்காக 1934 முதல் 1943 வரை 139 ஜிஜி1 மின்சார எஞ்சின்கள் தயாராகின. அவற்றின் வழக்கமான வர்ணம், கறுப்போ என்று நினைக்கவைக்கும் கரும்பச்சை. 1950களில் சிலவற்றுக்கு மட்டும் 'டஸ்கன் சிவப்பு' எனும் செம்பழுப்பு பூசப்பட்டது.

சயான் குறைந்த படத்தில் கரும்பச்சையும் பழுப்பாகத் தெரியலாம். பார்ப்பவர் அதைச் சிவப்பு எஞ்சின் என்று முடிவு கட்டிவிடுவார். அதை நம்பி ஒரு மாடலுக்கோ, பாதுகாக்கப்பட்ட எஞ்சினுக்கோ வர்ணம் பூசினால், அடுத்து வருபவருக்கு அந்தத் தவறே ஆதாரமாகிவிடும்.

எப்படிச் சரிபார்ப்பது?

• படத்தில் உள்ள வெள்ளைச் சட்டை, மேகம், தண்டவாளக் கற்களைப் பாருங்கள். அவை சிவந்திருந்தால் எஞ்சினின் நிறத்தையும் நம்ப வேண்டாம்.

• எஞ்சின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே காலத்தில் எடுத்த வேறு படங்களோடு ஒப்பிடுங்கள்.

• கணினியில் நிறம் திருத்திய படம், திருத்தியவரின் ஊகமாகவும் இருக்கலாம்.

• இரயில்வேயின் வர்ணப் பதிவேடும், எஞ்சினில் அடியில் மிஞ்சியிருக்கும் பழைய வர்ண அடுக்கும் படத்தைவிட வலுவான சான்றுகள். வெளியே தெரியும் வர்ணம் வெயிலிலும் அழுக்கிலும் மாறியிருக்கும்.

நம் ஆல்பத்துக்கும் இது பொருந்தும். அந்தச் சேலை என்ன நிறம் என்று பாட்டி இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்னால் பென்சிலால் எழுதி வையுங்கள். பிறகு கேட்க ஆள் இருக்காது.