பாரடிசோ: கிட்டாருக்குக் கிடைத்த கோயில்

ஆபீஸ் வேலையா ஆம்ஸ்டர்டாம் போனப்போ, ஒரு ராக் கச்சேரிக்காக பாரடிசோவுக்குள் நுழைந்தேன். வாசலிலேயே ஷூவைக் கழற்றத் தோன்றியது; ஊர்ப் பழக்கம். மேடைக்குப் பின்னால் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், சுற்றிலும் இரண்டடுக்கு மாடம், கீழே கையில் பீரோடு கூட்டம்.

கடவுளை விரட்டிவிட்டு கிட்டாரைக் குடிவைத்த கதைதான் என்று முதலில் நினைத்தேன். அவ்வளவு சுலபமில்லை. 1877இல் டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையோடு ஒத்துப்போகாமல் ஹூகன்ஹோல்ட்ஸ் சகோதரர்கள் தொடங்கிய 'சுதந்திர சபை'க்காக, கெர்லோஃப் சால்ம் 1879–80இல் கட்டியது இது. கட்டியவர்களே வெளியேறியவர்கள்!

1960களில் சபை காலி செய்தது. 1967இல் ஹிப்பிகள் அத்துமீறிப் புகுந்தார்கள். போலீஸ் வந்து வெளியேற்றியது. ஆனால் விரட்டிய ஊரே இறங்கி வந்தது. 1968 மார்ச் 30 அன்று, நகராட்சிப் பணத்தோடு, இளைஞர் மையமாகக் கதவு திறந்தது. பிறகு பங்க் வந்தது, 1981இல் பிரின்ஸ், 1995இல் ரோலிங் ஸ்டோன்ஸ்.

சால்ம் பிரசங்கத்துக்காகக் கட்டிய உயரக் கூடத்தில் அன்று டிரம்ஸ் எதிரொலித்து வரிகளை விழுங்கியது. கடைசியில் பாடகி மட்டும் தனியாக, மெதுவாகப் பாடினாள். மேல் மாடத்தில் நின்ற எனக்கு அவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது.