குடிபெயர்வும் இனப்பெயரும்

ஒரு நாட்டின்கண் முன் வழங்கிய மொழி மறைந்து பிறிதொரு மொழி நிலைபெறுமாயின், அம்மொழிக்குரியார் பெருந்தொகையினராய் வந்து முன்னிருந்தாரை ஒழித்தனர் என்பர் ஒருசார் வரலாற்றாசிரியர். ஆளுங்குடியினர் சிலரே வந்தனர். முன்னிருந்தாரே பெயரும் மொழியும் மாறினர் என்பர் மற்றொருசாரார். ஒன்றையொன்று மறுக்கும் இவ்விரு துணிபும் ஒரே ஏதுவினின்று பிறத்தலின், அவ்வேது யாதனை நிலைநாட்ட வல்லது என்பது ஆராயற்பாலது. காண்டல், கருதல், உரை என்னும் அளவைகளுள் ஒன்றனையே பற்றிச் செல்வார் இடர்ப்படுதற்கு ஆங்கில நாட்டின் பழைய வரலாறு தக்கதோர் எடுத்துக்காட்டாம்.

முதற்கண் உரையை நோக்குவாம். கி. பி. 410-ஐ ஒட்டிப் பிரிட்டனில் உரோமர் ஆட்சி முடிவுற்றது. ஆறாம் நூற்றாண்டினராகிய கில்டாஸ் என்னும் துறவி, சாக்சனியர் முதலில் மூன்று மரக்கலங்களில் வந்திறங்கினர் என்றும், பின்னர் நகரங்களை அழித்தனர் என்றும், நாட்டு மக்களுட் சிலர் கொலையுண்டு, சிலர் அடிமைப்பட்டு, சிலர் கடல் கடந்து ஓடினர் என்றும் கூறிப் புலம்பினார். 731-இல் தம் வரலாற்று நூலை முடித்த பீட் அடிகள், வந்தோரைச் சாக்சனியர், ஆங்கிலியர், யூட்டியர் என மூவகைப்படுத்து, ஆங்கிலியரின் தாயகம் தம் காலத்தும் ஆளின்றிக் கிடந்தது என்றார். 19-ஆம் நூற்றாண்டில் பிரீமன் முதலிய ஆசிரியர்கள் இவ்வுரைகளைத் துணையாகக் கொண்டு, பழங்குடிகள் பெரும்பாலும் வேரறுக்கப்பட்டனர் என்றும், ஆங்கிலேயர் செருமானியக் குருதியினரே என்றும் எழுதினர். ஆயின் கில்டாஸின் நூல் அரசரையும் குருமாரையும் இடித்துரைத்தற்கு எழுந்ததன்றித் தலையெண்ணுதற்கு எழுந்ததன்று என்பதை அன்னார் கருதிற்றிலர்.

இனிக் கருதலை நோக்குவாம். 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆராய்ச்சியாளர் பலர் இதற்கு நேர்மாறாகச் சென்றனர். வெசெக்ஸ் நாட்டு மன்னன் ஐனி ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த சட்டத்தில், கொலையுண்டானுக்கு ஈடாகச் செலுத்தற்குரிய தொகை சாக்சனியக் குடியானவனுக்கு 200 சில்லிங் என்றும், ஓர் ஏர்க்குடிக்குரிய நிலமுடைய பழங்குடியானுக்கு 120 சில்லிங் என்றும் காணப்படுகின்றது. வேரறுக்கப்பட்டார்க்கு ஈடு வகுப்பார் யாண்டும் இலர். ஆதலின் பழங்குடிகள் நிலமுடையராய் வாழ்ந்தனர் என்பது பெறப்படும். மேலும், அவ்வரசமரபின் முதல்வனாகச் சொல்லப்படும் செர்டிக் என்பான் பெயரும், பின்வந்த கேட்வாலா என்பான் பெயரும் பழங்குடிகளின் மொழிக்கு உரியன. இவற்றால் வந்தோர் மிகச் சிலரே என்று அவர் துணிந்தனர். பழங்குடிகள் எஞ்சினர் என்பதே இவ்வேதுக்களாற் போந்த முடிபு. வந்தோர் சிலர் என்பது அதனினின்று போதராது என்க.

இவ்விரு கட்சியும் இங்ஙனம் நிற்க, காண்டலளவையை ஒப்பதொரு சான்று 2022-இல் வெளிவந்தது. பழைய புதைகாடுகளினின்று எடுத்த எலும்புகளின் மரபணுக்களை ஆராய்ந்த அறிஞர், இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் அக்காலத்து வாழ்ந்தார்பால் நூற்றுக்கு 76 பங்கு வரை வடகடற்கு அப்பாலுள்ள நிலத்தினின்று வந்த வழித்தோன்றல் எனக் கண்டனர். ஆடவரேயன்றி மகளிரும் வந்திருந்தனர். எனவே, சிலரே வந்தனர் என்னும் கட்சி வீழ்ந்தது. அற்றேல், பழங்குடிகள் வேரறுக்கப்பட்டனர் என்னும் கட்சி வென்றதோ எனின், அதுவும் இன்று. டோவர் நகரை அடுத்த பக்லண்டுப் புதைகாட்டில் நான்கு தலைமுறைக்குக் குறையாத ஒரு குடும்பத்தில் வந்தோரும் இருந்தோரும் மணங்கலந்தமை வெளிப்பட்டது. சிறப்புடன் அடக்கஞ் செய்யப்பட்டாருள் இருதிறத்தாரும் உளர். இக்கால ஆங்கிலேயர்பால் அவ்வடகடல் வழிப் பங்கு நூற்றுக்கு 25 முதல் 47 வரையே ஆம்.

மொழிமாற்றம் தன்னளவில் வந்தோர் தொகையைக் காட்டவல்லதோ எனின், அன்று என்பதைப் பிற நாட்டு நிகழ்ச்சிகளும் வலியுறுத்தும். 895-ஐ ஒட்டி மகியார் தன்யூபு ஆற்று நிலத்துட் புகுந்தனர். அவர் மொழியே இன்றும் அங்கேரியில் வழங்குகின்றது. ஆயின் அந்நாட்டு மக்கள் மரபணுவில் தம் அண்டை நாட்டாரையே பெரிதும் ஒப்பர். வாண்டலரோ 429-இல் கெய்சரிக் மன்னன் தலைமையில் மனைவி மக்களோடு ஆப்பிரிக்காவிற்குக் கடல் கடந்தனர். முதியர், சிறுவர், அடிமைகள் உட்பட 80,000 பேர் என்பர் விக்டர் என்னும் ஆசிரியர். அவருள் ஆலனர் முதலிய பிறரும் கலந்து வாண்டலர் என்னும் ஒரு பெயருள் அடங்கினர். 439-இல் கார்த்தேசைக் கைக்கொண்டு ஒரு நூற்றாண்டளவு ஆண்டும், 534-இல் அரசு வீழ்ந்தபின் அவர் பெயரும் மொழியும் அந்நாட்டில் நிலைத்தில. ஆகவே, மொழிமாற்றம் பெருந்தொகையோடும் சிறுதொகையோடும் ஒப்ப நிகழ்தலானும், பெருங்குடிபெயர்வு நிகழ்ந்தவிடத்தும் மொழி மாறாதிருத்தலானும், அஃது அநைகாந்திகம் என்னும் ஏதுப்போலியாய் முடிந்தது.

இவ்வாராய்ச்சியாற் பெறும் பயன் யாதெனின், குருதியும் மொழியும் பெயரும் வெவ்வேறு வழிச் செல்வன என்று உணர்தலாம். சாக்சனியர் பழங்குடிகளைக் குறித்து வழங்கிய சொல் அயலான் என்னும் பொருளது. அதுவே பின்னர் அடிமை என்னும் பொருளையும் ஏற்றது. வேல்ஸ் என்னும் நாட்டுப் பெயர் அச்சொல்லடியாகப் பிறந்தது. நேற்று வந்தவன் உரியவனும், தொன்றுதொட்டு இருந்தவன் அயலானும் ஆயினர். அயலான் என்று இழிக்கப்பட்டாரின் குருதி இழித்தவர் மரபினுள்ளே இன்றளவும் ஓடுகின்றது. இதனை உணர்ந்தார், இனப்பெயர் ஒன்றே பற்றித் தம்மை உயர்த்திப் பிறரைத் தாழ்த்தார் என்பது கடைப்பிடிக்க.