சைலன்சர்: மீந்த மூச்சின் வரலாறு

கார் ராம்ப்பில் ஏறியிருந்தது. அதன் வயிற்றுக்கடியில் நான் நின்றுகொண்டிருந்தேன். முன்னால் எஞ்சினிலிருந்து இறங்கும் குழாய், நடுவில் ஒரு சின்ன டப்பா, பின்னால் ஒரு பெரிய டப்பா. ஒரு லிட்டர் கொள்ளளவு, மூன்று சிலிண்டர், ஒரு டர்போ. மெக்கானிக் பெரிய டப்பாவை ஸ்பேனரால் தட்டிக் காட்டினார்.

"டர்போ வண்டி சார் இது. மூச்சு விடாம அடைச்சு வெச்சிருக்கானுங்க. இத கழட்டிட்டு ஃப்ரீ ஃப்ளோ போட்டா வேற வண்டியா ஆயிடும்."

45,000 ரூபாய். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இரண்டே கால் இஞ்ச் குழாய். இன்னும் கொஞ்சம் போட்டால் முன்னாலிருக்கும் டவுன்பைப்பையும் மாற்றி, அதற்குள் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் எடுத்துவிடலாமாம். ஒரு வாரம் டைம் கேட்டுவிட்டு முத்தியால்பேட்டைக்குத் திரும்பினேன். அந்த ஒரு வாரத்தில் படித்ததும், பேப்பரில் கணக்குப் போட்டதும், வீட்டில் நடந்ததும்தான் இந்தக் கட்டுரை.

*

எஞ்சினுக்குள் எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு சூடாக வெளியே போய்விடுகிறது. மோட்டார் வண்டி தோன்றிய காலத்திலிருந்தே இந்த மீந்த மூச்சை என்ன செய்வது என்பது ஒரு கேள்வி. முதலில் வந்த பதில் அதை அடக்குவது. 1897-ல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் மில்டன் ரீவ்ஸ் தன் சகோதரரோடு சேர்ந்து சைலன்சருக்குக் காப்புரிமை வாங்கினார். குதிரைகள் மிரண்டுகொண்டிருந்த காலம் அது.

இரண்டாவது பதில், அதை வேலை வாங்குவது. 1905-ல் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃப்ரெட் பூஹி ஒரு காப்புரிமை எடுத்தார். வெளியே போகும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே அச்சின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். அதிகக் காற்று, அதிக எரிபொருள், அதிக சக்தி. எண்ணம் எளிமையானது. ஆனால் செந்தழலாகக் கொதிக்கும் புகையில் பல்லாயிரம் சுற்று சுழலும் உலோகம் அப்போது கிடையாது. பூஹி இருபது வருடம் காத்திருந்தார். 1925-ல்தான் அவரால் ஒரு டீசல் எஞ்சினின் திறனை 40 சதவீதத்துக்கு மேல் கூட்டிக்காட்ட முடிந்தது.

இடையில் முதல் உலகப்போர் வந்தது. விமானங்கள் மேலே போகப்போகக் காற்று மெலிந்து எஞ்சின் திணறியது. பிரான்சின் ஒகுஸ்த் ரதோ, ரெனோ விமான எஞ்சின்களில் டர்போவைப் பொருத்திப் பார்த்தார். அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மோஸ் 1918-ல் ஒரு லிபர்ட்டி எஞ்சினை 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் பீக் மலைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். கடல்மட்டத்தில் சுமார் 350 குதிரைத்திறன் தந்த எஞ்சின், மலைமேல் 230-க்குச் சரிந்தது. டர்போ போட்டதும் 356.

நம் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு எதிரே, முதல் உலகப்போரில் இறந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்கான நினைவுச்சின்னம் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து அதைத் தாண்டித்தான் நடந்திருக்கிறேன். என் காரில் இருக்கும் பொருளும் அந்த நினைவுச்சின்னமும் ஒரே போரின் மிச்சங்கள் என்று அந்த வாரம்தான் உறைத்தது.

*

மூன்றாவது பதில்தான் எங்கள் தலைமுறைக்குப் பழக்கமானது. கல்லூரியில் என்னோடு படித்த பாதிப் பேர் யமஹா ஆர்.எக்ஸ்.100 வைத்திருந்தார்கள், மீதிப் பேர் அதை வாங்கக் கனவு கண்டார்கள். அந்தப் பைக்கின் சைலன்சரில் கைவைக்காதவர் குறைவு. அந்த டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் புகைவழியில் வால்வு கிடையாது. புகைக்குழாயில் ஓடும் ஒலி அலையே வால்வு வேலையையும் பார்க்கிறது. தப்பித்து வெளியே போகப் பார்க்கும் புதுக் காற்றை அந்த அலை திரும்பி வந்து உள்ளே தள்ளும். 1950-களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் வால்டர் காடன் இதை ஒரு கலையாகவே வளர்த்தார். 1961-ல் அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டேக்னர் மேற்குப் பக்கம் தப்பி ஓடி சுசுகியில் சேர்ந்தார். அடுத்த வருடமே சுசுகி 50 சி.சி. உலகப் பட்டத்தை வென்றது. பனிப்போரின் ரகசியங்களில் ஒன்று வயிறு பெருத்த ஒரு சைலன்சர்.

ஆக, 'சைலன்சரை மாத்துனா பவர் ஏறும்' என்பது வெறும் கட்டுக்கதை இல்லை. ஆர்.எக்ஸ்.100-க்கு அது நிஜம். டர்போ காருக்கும் அதே நியாயத்தைப் பொருத்தும் இடத்தில்தான் சிக்கல்.

டர்போ காரில் புகையின் துடிப்பை முதலில் வாங்கிக்கொள்வது டர்பைன் சக்கரம். அலையெல்லாம் அங்கேயே உடைந்துவிடும். டர்போவே ஒரு பாதி சைலன்சர். அதற்குப் பின்னால் வரும் குழாயிடம் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: தடை குறைவாக இருக்க வேண்டும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு சீக்கிரம் அது வேகமெடுக்கும். அந்தத் தடையில் பெரும் பங்கு டர்போவை ஒட்டியிருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரிடம் இருக்கிறது. மெக்கானிக் தட்டிக் காட்டிய பின்பக்க டப்பாவின் பங்கு கொஞ்சம்தான். அதை மாற்றினால் மாறுவது பெரும்பாலும் சத்தம்.

இன்னொன்றும் உண்டு. இன்றைய கார்களில் டர்போ எவ்வளவு அழுத்தம் தர வேண்டும் என்று ஈ.சி.யூ. என்கிற கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. இலக்கை எட்டியதும் வேஸ்ட்கேட் திறந்து உபரிப் புகையைச் சக்கரத்தின் பக்கம் விடாமல் திருப்பிவிடும். கோடு எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது உடனே புரியும். இலக்கு அதேதான் என்றால், வழியை அகலப்படுத்தினாலும் எண்ணிக்கையில் பெரிதாக ஒன்றும் ஏறாது. ஏற வேண்டுமென்றால் மென்பொருளையும் ரீமேப் செய்ய வேண்டும். அப்புறம் கிளட்ச், கியர்பாக்ஸ், வாரண்டி என்று ஒவ்வொன்றாகக் கையைக் கடிக்கும்.

*

சரி, கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டால்?

அதற்கும் ஒரு பிரெஞ்சுக்காரரின் கதை இருக்கிறது. யூஜின் ஹூத்ரி முதல் உலகப்போரில் டாங்கிப் படையில் இருந்தவர். கச்சா எண்ணெயை வினையூக்கி கொண்டு பெட்ரோலாக உடைக்கும் முறையைக் கண்டுபிடித்து, 1930-ல் அமெரிக்கா போனவர். 1940-ல் பிரான்ஸ் ஹிட்லரிடம் வீழ்ந்தபோது அமெரிக்காவிலிருந்து து கோலுக்கு ஆதரவு திரட்டினார். அதற்காக விஷி அரசு அவருடைய குடியுரிமையைப் பறித்தது. அதே 1940-ல் இங்கே பாண்டிச்சேரியில் ஆளுநர் லூயி போன்வேனும் து கோல் பக்கம் சேர்ந்தார். போருக்குப் பின் நகரப் புகையைக் கண்டு கவலைப்பட்ட ஹூத்ரி, கார் புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கிக் குடுவையைச் செய்தார். ஆனால் அன்றைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. ஈயம் வினையூக்கியைக் கொன்றுவிடும். தன் கருவி கார்களில் பரவுவதைப் பார்க்காமலே 1962-ல் அவர் இறந்தார்.

1962 என்ற வருடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். அந்த வருடம்தான் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் என்ற, விற்பனைக்கு வந்த முதல் டர்போ கார்களில் ஒன்று வெளியானது. அதன் எஞ்சினைக் காப்பாற்ற ஒரு திரவத்தை அவ்வப்போது ஊற்ற வேண்டும். ஜனங்கள் ஊற்ற மறந்தார்கள், இரண்டே வருடத்தில் காரை நிறுத்திவிட்டார்கள். அதே 1962 ஆகஸ்ட் 16-ல்தான் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. டர்போவை மீண்டும் பெருமைக்குரியதாக ஆக்கியதும் ஒரு பிரெஞ்சு நிறுவனம். 1977-ல் ரெனோ, மூன்று லிட்டர் எஞ்சின்களுக்கு எதிராக ஒன்றரை லிட்டர் டர்போவோடு ஃபார்முலா ஒன்னில் இறங்கியது. வெள்ளைப் புகை கக்கி அடிக்கடி நின்றதால் 'மஞ்சள் டீ கெட்டில்' என்று கேலி செய்தார்கள். 1979-ல் திஜோனில் ழான் பியேர் ழபுய் அதே டர்போவால் ஜெயித்துக் காட்டினார். இன்று அதே ரெனோ ஒரு லிட்டர் டர்போ கார்களை நம் ஒரகடத்தில் செய்கிறது.

இந்தியாவில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களின் புது பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமானது. 2000-ல் நாடு முழுவதும் ஈயமில்லாத பெட்ரோல். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6. ஹூத்ரியின் குடுவை எங்கள் தெருவரை வந்து சேர இத்தனை காலம் ஆனது. அதை ஒரு சனிக்கிழமை மதியம் கிரைண்டரால் அறுத்து எடுத்துவிடலாம்.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, நிறுவனம் தந்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருடத்துச் சட்டத்திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். பறிமுதல் செய்த சைலன்சர்களை வரிசையாகப் படுக்கவைத்து ரோடு ரோலர் ஏற்றும் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

உண்மையைச் சொன்னால் சட்டம் என்னைத் தடுத்திருக்காது. நானே எத்தனையோ தடவை ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போனவன்.

*

தடுத்தது அப்பா.

அவர் ஊரின் மில் ஒன்றில் 28 வருடம் தறிப் பிரிவில் வேலை பார்த்தவர். முத்தியால்பேட்டை நெசவாளர்களின் பேட்டை. கைத்தறியிலிருந்து மில்லுக்குப் போன குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. மில் சங்கை வைத்து ஊரே நேரம் பார்த்த காலம் அவருடையது. எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய மில் தொழிலாளர்களை 1936 ஜூலை 30-ல் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டு, 12 பேர் செத்த கதையை அவர் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். எட்டு மணி நேரம் கிடைத்தது. அந்த எட்டு மணி நேரமும் காதுக்குள் தறி ஓடியது.

இரைச்சலால் காது போகும்போது முதலில் போவது மேல்ஸ்தாயி. 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி. 'ஸ', 'ச', 'த', பறவை, குழந்தைக் குரல். கீழ்ஸ்தாயி கடைசிவரை இருக்கும். என் மகள் "தாத்தா" என்று கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது. தெருவில் லாரி போனால் கேட்கும்.

அந்த வார நடுவில் சும்மா ஒரு கணக்குப் போட்டேன். மூன்று சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு ஒன்றரை முறை வெடிக்கிறது. ஈ.சி.ஆரில் 2,500 ஆர்.பி.எம்.-ல் போனால் விநாடிக்கு 62.5 துடிப்பு. ஃப்ரீ ஃப்ளோ போட்டவர்கள் 'ட்ரோன்' என்று புலம்புகிற அந்த உறுமல் இதுதான். அதை அடக்க ஒரு முனை மூடிய பக்கக் குழாய் வைக்கலாம். அலைநீளத்தில் கால் பங்கு நீளம் வேண்டும். சூடான புகையில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 450 மீட்டர். கணக்குப்படி 1.8 மீட்டர் குழாய். என் சின்னக் காருக்கடியில் அதற்கு இடமில்லை.

62.5 ஹெர்ட்ஸ். அப்பாவுக்கு இன்னும் நன்றாகக் கேட்கும் இடம்.

ஞாயிறு காலை நண்பன் ஒருவன் ஃப்ரீ ஃப்ளோ போட்ட தன் காரை எனக்குக் காட்டக் கொண்டுவந்தான். வாசலில் நிறுத்தி ஒரு முறுக்கு முறுக்கினான். திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார்.

"எந்த செட்டுடா ஓடுது?" என்றார். தறியைக் கேட்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு அவரே சிரித்துவிட்டு, "பாப்பா பேசறது ஒன்னும் கேக்கல. இது மட்டும் நல்லா கேக்குது" என்றார்.

நான் மெக்கானிக்குக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "ஏன் சார், அமவுன்ட் ஜாஸ்தியா?" என்றார். என்ன சொல்வதென்று தெரியாமல், ஆமாம் என்றேன்.

அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டு அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கினோம். முதல் நாள் என் மகள் சொன்ன ஒரு முழு வாக்கியத்தைக் கேட்டுத் திருப்பிச் சொன்னார். இத்தோடு கட்டுரையை முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் காது மெஷின் குழந்தையை மட்டும் பெரிதாக்குவதில்லை, தெருவையும் சேர்த்துத்தான் பெரிதாக்குகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மகாத்மா காந்தி வீதியில் சைலன்சர் கழற்றிய பைக்குகள் மணிக்கூண்டைச் சுற்றிக்கொண்டு வரும். முதல் பைக் வரும்போதே அப்பா மெஷினைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறார். காலையில் மறுபடி மாட்டிக்கொள்வார்.

மகளுக்கும் அது பழகிவிட்டது. தாத்தாவிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் ஆறு மணிக்குள் சொல்லி முடித்துவிடுகிறாள்.