ஆயுட்கடன்: மீட்கப்பட்ட பண்ணை விலங்குகளின் முதுமையும் அடைக்கலத்தின் அளவும்

அடிமாடாக ஏற்றிச் செல்லப்படும் பசு வழியில் மறிக்கப்பட்டுக் கோசாலையில் இறக்கப்படும்போது, மீட்பு முடிந்துவிட்டதாகவே பலரும் கருதுகிறார்கள். காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாகிறது. ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்கப்படுகிறது. மறுநாள் செய்தியும் வருகிறது. செலவுக் கணக்கோ அந்தக் கையெழுத்திலிருந்துதான் தொடங்குகிறது. மாட்டின் இயல்பான ஆயுள் 15 முதல் 20 ஆண்டுகள். ஏழெட்டு வயதில் கறவை வற்றிக் கழிக்கப்படும் கலப்பினப் பசுவுக்கு இன்னும் பத்தாண்டு வாழ்வு மீதமிருக்கலாம். 400 கிலோ எடையுள்ள மாடு தன் எடையில் 2 முதல் 2.5 விழுக்காடு உலர்தீவனம் நாள்தோறும் தின்னும் என்று வைத்துக்கொண்டால், பத்தாண்டுக்கு 29 முதல் 36 டன் தீவனம் வேண்டும். இடம், தண்ணீர், ஆள்கூலி, வைத்தியம் எல்லாம் இதற்கு மேல். ஆகவே ஒரு விலங்கை மீட்பவர் அதன் எஞ்சிய ஆயுள் முழுவதற்கும் கடன்படுகிறார். இக்கட்டுரையின் வாதம் இதுதான்: அடைக்கல நிலையத்தின் தகுதியை அது ஏற்ற உயிர்களின் எண்ணிக்கையால் அளக்கலாகாது, அவற்றின் கடைசி ஆண்டுகளைத் தாங்கும் திறனாலேயே அளக்க வேண்டும். அப்படி அளந்தால், இடமில்லாதபோது மறுப்பதும், உள்ளே இனப்பெருக்கத்தை நிறுத்துவதும் அடைக்கலத்தின் கடமைகளாகிவிடும்.

இந்தியச் சட்டம் இந்தக் கடனைப் பெரும்பாலும் வாசலோடு நிறுத்திக்கொள்கிறது. 1958இல் முகமது ஹனீஃப் குரேஷி வழக்கில் உச்ச நீதிமன்றம், உழைக்கவும் இனம் பெருக்கவும் இயலாத காளைகளையும் எருமைகளையும் வெட்டக் கூடாது என்ற முழுத் தடையை ஏற்கவில்லை. பயனற்றவை பயனுள்ளவற்றின் தீவனத்தைப் பங்கு போடும் என்பது அதன் கவலை. அதே ஆண்டில் வந்த தமிழ்நாட்டு விலங்குகள் பாதுகாப்புச் சட்டமும், பத்து வயதைக் கடந்து வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாதது என்று சான்று பெற்ற மாட்டை வெட்ட இடம் தருகிறது. 2005இல் மிர்சாபூர் மோதி குரேஷி வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாக இந்த நிலைப்பாட்டை மாற்றியது. முதிய மாடும் சாணமும் கோமியமும் தருகிறது, எனவே அது பயனற்றதாவதில்லை என்பது அத்தீர்ப்பு சொன்ன முக்கியக் காரணங்களுள் ஒன்று. இரண்டு தீர்ப்புகளும் எதிரெதிர்த் திசையில் போனாலும் இரண்டும் கையிலெடுத்த அளவுகோல் பயன்தான். சாணத்தின் விலை தீவனத்தின் விலைக்கு ஈடாகாத இடத்தில் இரண்டாவது தீர்ப்பின் இந்தக் காரணம் வலுவிழக்கிறது. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் (1960) மீட்கப்பட்ட விலங்கைப் பிஞ்ச்ராபோல் என்னும் விலங்குக் காப்பகத்துக்கு அனுப்பவும், செலவை உரிமையாளரிடம் வாங்கவும் வழிசெய்கிறது. 2017ஆம் ஆண்டின் விதிகள் ஏற்றிவந்த வண்டியையும் அச்செலவுக்குப் பிணையாக்குகின்றன. ஆனால் இவை முதன்மையாகக் கவனிப்பது வழக்கு நடக்கும் காலத்துச் செலவை. வழக்குக்கு ஒரு முடிவுநாள் உண்டு. மாட்டின் பசி அந்த நாளோடு முடிவதில்லை.

வாசலில் வந்து நிற்கும் கூட்டம் எவ்வளவு என்பதை 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பு காட்டுகிறது. நாட்டின் மாடுகள் ஏறத்தாழ 19.25 கோடி, தெருவில் திரிபவை மட்டும் 50 லட்சத்துக்கு மேல். 2012க்கும் 2019க்கும் இடையே ஆண் மாடுகள் சுமார் 30 விழுக்காடு குறைய, பசுக்களும் கிடேரிகளும் 18 விழுக்காடு கூடின. டிராக்டரும் சினை ஊசியும் வந்தபின் உழவனுக்குக் காளைக் கன்று வேண்டாததாகிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. விற்பனைக்கும் வெட்டுக்கும் தடை இறுகிய வட மாநிலங்களில் இந்த மாடுகள் கோசாலைக்கு வருகின்றன. உத்தரப் பிரதேசம் 2019இல் இதற்கென்றே தனித் தீர்வை விதித்தது. தாங்கும் அளவைக் கேட்காமல் ஏற்றால் என்ன ஆகும் என்பதற்கு ஜெய்ப்பூரின் ஹிங்கோனியா கோசாலை எடுத்துக்காட்டு. 2016 மழைக்காலத்தில் கூலி கிடைக்காத தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். சாணமும் சேறும் முழங்கால் அளவுக்குச் சேர்ந்தன. அதில் சிக்கி எழ முடியாமலும் தீவனமின்றியும் சில நாள்களில் நூற்றுக்கணக்கான மாடுகள் மடிந்தன. அங்கே எவரும் கத்தியைத் தொடவில்லை.

பாலை விற்றுச் செலவை ஈடுகட்டலாமே என்பது முதலில் எழும் யோசனை. கால்நடையை அறக்கட்டளையின் முதலாக வைக்கும் இந்தக் கணக்கு தமிழகத்துக்குப் பழையது. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று வைத்து, நாள்தோறும் உழக்கு நெய் அளக்கச் செய்தார்கள். சோழர் காலச் சாசனங்கள் இத்தகைய மந்தையைச் சாவா மூவாப் பேராடு என்றே குறிக்கின்றன. ஒவ்வோர் ஆடும் மூத்தது, செத்தது. பிறந்த குட்டி அந்த இடத்தை நிரப்பியதால் எண்ணிக்கைக்கு மூப்பில்லை. நெய் தடையின்றி வந்தது. அறக்கட்டளையின் நோக்கம் விளக்கு என்பதால் அந்தக் கணக்கில் குறையில்லை. அடைக்கலத்தின் நோக்கமோ அந்தத் தனி ஆடுதான். பால் வேண்டுமென்றால் பசு ஈன வேண்டும். ஈனும் கன்றுகளில் ஏறத்தாழ பாதி காளை. ஒவ்வொன்றுக்கும் 15 ஆண்டுத் தீவனம். ஓர் ஈற்றின் பால் சில மாதங்களில் தீர்ந்துவிடும். அந்த ஈற்று வைத்துப்போகும் கடன் பால் கொடுத்த பசுவையும் தாண்டி நீளும். பாலை நம்பி நடக்கும் கோசாலை, தான் மீட்க வந்த உபரி மாடுகளைத் தானே உற்பத்தி செய்கிறது.

முதுமையின் செலவைத் தீவனத்தோடு நிறுத்திவிடவும் முடியாது. பண்ணை விலங்கின் உடல் இளமையில் விளைச்சல் தருவதற்காகவே தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டது. அது கிழமாகும் என்று எவரும் திட்டமிடவில்லை. காட்டுக்கோழி ஆண்டுக்கு 10 முதல் 15 முட்டை இடும். நாமக்கல் கூண்டுகளில் நிற்கும் இனங்கள் 300க்கு மேல் இடுகின்றன. ஒவ்வொரு முட்டை ஓட்டுக்கும் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் வேண்டும்; தீவனம் தராததை எலும்பு தருகிறது. ஒன்றரை வயதில் கழிக்கப்படும் கோழியைக் காப்பாற்றி வைப்பவர், மார்பெலும்பு முறிந்த, முட்டை உள்ளே தங்கிச் சீழ் வைத்த, சூலகப் புற்றுநோய்க்கு இலக்கான உடலுக்குப் பொறுப்பேற்கிறார். முட்டையிடுவதையே நிறுத்த டெஸ்லோரெலின் என்னும் ஹார்மோன் உள்வைப்பைத் தோலடியில் வைக்க வேண்டியும் வரலாம். தெருவிலிருந்து வரும் மாட்டின் முதல் வயிற்றில் பிளாஸ்டிக் பை கிலோக்கணக்கில் இறுகிக் கிடக்கும். அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பல் தேய்ந்த மாட்டுக்கு வைக்கோலை நறுக்கிப் போட்டு, தவிட்டையும் பிண்ணாக்கையும் ஊறவைத்துக் கொடுக்க வேண்டும். மூட்டு தேய்ந்து படுத்துவிட்ட மாடு ஒரே பக்கமாகச் சில மணி நேரம் கிடந்தாலே அடியிலுள்ள தொடைத் தசை தன் எடையின் அழுத்தத்தாலேயே செத்துப்போகும்; பிறகு நோய் தீர்ந்தாலும் அது எழாது. மணலும் வைக்கோலும் பரப்பி, இரவிலும் சில மணிக்கு ஒருமுறை நாலு ஆள் சேர்ந்து புரட்டிப் போட வேண்டும். நூறு மாட்டுக்கு இரண்டு ஆள் உள்ள இடத்தில் இது நடக்காது. கோசாலை ஒன்று உண்மையில் எத்தனை மாட்டுக்கு உரியது என்பதைக் கொட்டகையின் நீளம் சொல்லாது. ஒரே நேரத்தில் எத்தனை படுத்த மாடுகளைப் புரட்ட முடியும் என்பதே சொல்லும்.

அளவறிந்து ஏற்கும் முறைக்கு அமெரிக்காவில் நல்ல முன்மாதிரி உண்டு. 1986இல் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் கால்நடைச் சந்தையில், செத்த விலங்குகளின் குவியலில் உயிரோடு கிடந்த ஒரு செம்மறியை ஜீன் பார் முதலியோர் எடுத்துவந்தனர். ஹில்டா என்று பெயரிடப்பட்ட அந்த ஆடு பத்தாண்டுக்கு மேல் வாழ்ந்து மூப்பால் இறந்தது. ஒரு வேனில் ஊர் ஊராகப் போய் இசை நிகழ்ச்சித் திடல்களில் சைவ ஹாட் டாக் விற்ற காசில் தொடங்கிய அவர்களது ஃபார்ம் சேங்க்சுவரி, பின்னர் நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் கிளென்னில் பண்ணை அமைத்தது. இனப்பெருக்கம் இல்லை, விற்பனை இல்லை என்பது அங்கே அடிப்படை. இடம் போதாதபோது, நிபந்தனையோடு தத்தெடுக்கும் வீடுகளுக்கு விலங்குகள் போகின்றன. 2007இல் உருவான உலக விலங்கு அடைக்கல நிலையங்களின் கூட்டமைப்பும் இத்தகைய நெறிகளை முன்வைத்தே சான்று வழங்குகிறது. தமிழகக் கோயில்களும் நேர்த்திக்கடனாக வரும் மாடுகளைப் பராமரிக்க இயலாமல் சுயஉதவிக் குழுக்களுக்கும் ஏழை உழவர்களுக்கும் இலவசமாகக் கொடுத்திருக்கின்றன. பகிர்ந்து வளர்ப்பது என்ற அளவில் இரண்டும் ஒன்றே. கொடுத்த மாடு கறவை வற்றியபின் எங்கே போகிறது என்று கேட்கும் உரிமையைக் கொடுத்தவர் தன்னிடம் வைத்துக்கொள்கிறாரா என்பதில்தான் வேறுபாடு.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்றுண்டு: மறுக்கப்படும் மாடு அடிமாடாகும், நெரிசலான கொட்டகையில் குறைவாழ்வு வாழ்வதும் சாவைவிட மேல் அல்லவா? ஆனால் கூடுதலாக ஏற்கப்படும் மாடு தனக்கு மட்டும் குறைவாழ்வைப் பெறுவதில்லை. ஏற்கெனவே உள்ளவற்றின் தீவனத்தையும் படுக்கையையும் குறைக்கிறது. மேலும், கொல்லாமை என்ற பெயரைக் காப்பாற்றிக்கொண்டே பட்டினியால் கொல்ல முடியும் என்பதை மானிடவியலாளர் மார்வின் ஹாரிஸ் திருவனந்தபுரம் மாவட்டத்தை வைத்துக் காட்டினார். அங்கே எவரும் கன்றைக் கொல்வதில்லை என்றே உழவர்கள் சொன்னார்கள். ஆனால் காளைக் கன்றுகளின் இறப்பு கிடேரிகளினதைப்போல் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. தாய்மடியில் விடும் நேரத்தைக் குறைத்தாலே போதும். வரம்பின்றி ஏற்கும் கோசாலை இதையே பெரிய அளவில் செய்கிறது. மறுத்தால் சாவு வெளியே நடக்கும், அதற்கான பொறுப்பு பாலை வாங்குவோர் முதல் சட்டம் இயற்றுவோர் வரை எல்லோர் மேலும் விழும். ஏற்றுவிட்டுக் கைவிட்டால் அந்தப் பொறுப்பைக் கொட்டகைச் சுவர் மறைத்துவிடும்.

இன்னொரு மறுப்பு இறுதி நாள்களைப் பற்றியது. சமணப் பிஞ்ச்ராபோல் மரபு, குணமாகாத விலங்கையும் ஊசிபோட்டு முடிப்பதை ஏற்பதில்லை. உயிரை எடுக்க மனிதனுக்கு உரிமையில்லை என்பது அதன் நிலை. இதை எளிதாகத் தள்ள முடியாது. பயனற்றதைக் கொல்லலாம் என்ற வழுக்குப்பாதைக்கு அது போட்ட தடுப்பு பல நூற்றாண்டுகள் நின்றிருக்கிறது. ஆனால் 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் மீள வழியின்றித் துடித்த கன்று ஒன்றை ஊசிபோட்டு முடிக்கச் செய்த காந்தி, எழுந்த கண்டனங்களுக்குத் தம் இதழ்களில் விடையளித்தபோது, துன்பத்தை நீட்டிப்பதும் இம்சையாகலாம் என்றே வாதிட்டார். விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 13ஆவது பிரிவும், உயிரோடு வைப்பதே கொடுமையாகும் விலங்குக்கு இந்த வழியைத் திறந்திருக்கிறது. செலவு மிச்சமாகும் என்பதற்காக ஊசி போடுவதும், ஊசி பாவம் என்று சொல்லிப் புண்ணில் புழு வைக்க விடுவதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள்: இரண்டிலும் முடிவெடுப்பவரின் வசதியே முன்னிற்கிறது. விலங்கின் வலியை மட்டும் கணக்கில் கொண்டு, கால்நடை மருத்துவர் காரணத்தை எழுதிவைத்து எடுக்கும் முடிவும் முதுமைப் பராமரிப்பின் பகுதியே.

கோடிக்கணக்கில் வெட்டப்படும் உயிர்களுக்கு நடுவே சில நூறைக் காப்பது கண்துடைப்பு என்றும் சொல்லலாம். எண்ணிக்கையால் பண்ணைத் தொழிலை ஈடுகட்டுவது அடைக்கலத்தின் வேலையானால் அந்தக் குற்றச்சாட்டு சரி. அது செய்யக்கூடிய வேலை வேறு: பால், முட்டை ஆகியவற்றின் விலையில் சேர்க்கப்படாமல் விடுபட்ட முதுமைச் செலவு எவ்வளவு என்பதை ஒரு முழு ஆயுளுக்கும் ஏற்று, எழுதிக் காட்டுவது. அதற்கு ஒவ்வொரு கோசாலையும் தன் மாடுகளின் வயது, ஆண்டுதோறும் நேரும் இறப்பு, அதன் காரணம், ஒரு மாட்டுக்கு ஒதுக்கியுள்ள இருப்பு நிதி ஆகியவற்றை வெளியிட வேண்டும். அரசு மானியமும் வந்த மாடுகளின் தலையை எண்ணித் தராமல் இந்தப் பதிவேட்டைப் பார்த்தே தர வேண்டும். இன்றைய தலைக்கணக்கு மானியம் கூட்டத்தைச் சேர்ப்பவருக்குப் பரிசளிக்கிறது. பதிவேட்டைப் பார்த்துத் தரும் மானியம், ஏற்ற மாட்டைக் கிழமாகும்வரை வைத்திருப்பவருக்குப் போய்ச் சேரும்.