கரஸ்தூனும் பரவிய பாரமும்

கோலில் தொங்கும் கல்லின் பாரம் எந்தப் புள்ளியில் இறங்குகிறதென்பது கண்கூடு. கோலின் சொந்தப் பாரமோ நீளம் முழுதும் பரவிக் கிடக்கிறது. அதை எந்தப் புள்ளியில் வைத்துக் கணக்கிடுவது? ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் இதற்கு விடையை நிறுவிக் காட்டியவர் தாபித் இப்னு குர்ரா. ஹர்ரானில் பிறந்து, பனூ மூஸா சகோதரர்களின் ஆதரவில் வளர்ந்து, ஹிஜ்ரி 288இல் (கி.பி. 901) மறைந்தவர். அவர் ஸாபியீ சமயத்தவர், முஸ்லிமல்லர். நம் மேடைகள் இதை வசதியாக மறந்துவிடுகின்றன.

அவரது ‘கிதாபுல் கரஸ்தூன்’ ஒரு கை குட்டையாகவும் மறு கை நீண்டும் உள்ள வெள்ளிக்கோலை ஆராய்வது. ஒரே கையில் தொங்கும் இரு சம எடைகளை அகற்றி, அவற்றின் கூட்டெடையை இரண்டுக்கும் நடுவில் தொங்கவிட்டாலும் சமநிலை குலையாது என்று அவர் நிறுவுகிறார். இரண்டு எடைகள் பலவாகின்றன. முடிவில் இடைவெளியே இல்லாத கோலுக்கும் அவ்விதி பொருந்துகிறது. எளிய எண்களில் சொல்வதானால்: கோல் 12 விரல் நீளம், 12 பலம் எடை, குட்டைக் கை 2 விரல். தாங்குபுள்ளியின் இருபுறமும் 2 விரல் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். எஞ்சிய 8 விரலின் 8 பலம், அதன் நடுவில், அதாவது தாங்குபுள்ளியிலிருந்து 6 விரலில் இருப்பதாகக் கொள்ளலாம். பெருக்கினால் 48. குட்டைக் கையின் நுனியில் 24 பலம் தொங்கவிட்டால் கோல் கிடையாக நிற்கும்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிரமோனா ஜெரார்டின் இலத்தீன் மொழிபெயர்ப்பு வழியே இந்நூல் ஐரோப்பாவை அடைந்தது. உத்தரத்தின் பரவிய சுமையை இன்றைய மாணவன் நடுப்புள்ளிக்கு மாற்றிக் கணக்கிடுவதும் இவ்விதிப்படியே. இதைக் கொண்டு, உத்தரங்களின் கணக்கு முழுவதும் பக்தாதிலேயே முடிந்துவிட்டதென எழுதுவது தாபித்துக்குப் பெருமை சேர்க்காது. 120 கிலோ சுமை சீராகப் பரவினாலும் நடுவில் குவிந்தாலும் உத்தரத்தின் இரு முனைகளும் 60 கிலோ வீதமே தாங்கும். உள்ளே நடப்பது வேறு. அடுத்தடுத்த துண்டுகளை மேலும் கீழுமாக நகர்த்த முயலும் வெட்டு விசை, சுமை பரவியிருந்தால் முனையில் 60ஆகத் தொடங்கிப் படிப்படியாகக் குறைந்து நடுவில் இல்லாமற்போகும். குவிந்திருந்தால் நடுப்புள்ளி வரை 60ஆகவே நிற்கும். நடுவில் வளைக்கும் திறனோ இரு மடங்காகிவிடும்.

தாபித் கேட்டது கோல் சாயுமா என்பதை, முறியுமா என்பதையன்று. முறிவைக் கலீலியோ 1638இல் வெளியான நூலில் ஆராய்ந்தார். மர உத்தரம் இழைவாக்கில் பிளப்பதற்குக் காரணமான வெட்டு விசையைக் கணக்கிட, ருஷ்ய ரயில்வேக்கு மரப்பாலங்கள் கட்டிய ஜுராவ்ஸ்கி வரவேண்டியிருந்தது.